நோயில் துணை நிற்பது சமுதாயத்தின் கடன்

 

திருவள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு அவர் நிறுத்திவிடவில்லை. நோயாளியின் அருகிருந்து தொண்டு செய்பவரை நான்காம் கூறாகச் சேர்த்தார். நுரையீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை, கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் முதல் மூன்றும் உண்டு. பல வேளைகளில் இல்லாதது அந்த நான்காவதே. அக்குறையை நிறைவு செய்வது சமுதாயத்தின் கடன்.

இந்நோயின் கடுமையை முதலில் உணர்தல் வேண்டும். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான அறிக்கையின்படி, மலேசிய ஆடவரிடையே பெருங்குடல் புற்றுநோய்க்கு அடுத்து மிகுதியாகக் காணப்பட்டது நுரையீரல் புற்றுநோயே. நோய் கண்டறியப்பட்டவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேலானோர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தை எட்டியிருந்தனர். 2007 முதல் 2011 வரை நோய் கண்டறியப்பட்டவர்களைப் பற்றிய சுகாதார அமைச்சின் ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்வோர் ஏறத்தாழ 11 விழுக்காட்டினரே என்று அது கூறுகின்றது.

இத்துணைக் காலதாமதம் ஏன்? தொடக்கத்தில் இந்நோய் வலியோ வேறு அறிகுறியோ காட்டுவது அரிது. பின்னர் வரும் இருமலும் மூச்சிரைப்பும் சளி என்றும், ஆஸ்துமா என்றும், காசநோய் என்றும் எண்ணப்படுகின்றன. மூன்று வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் மருத்துவரை நாடுதல் நலம்.

காலதாமதத்திற்கு மற்றொரு காரணம் பழிச்சொல். ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்றதும், "சிகரெட் பிடித்தாரா?" என்பதே உற்றார் கேட்கும் முதற்கேள்வியாக உள்ளது. அக்கேள்விக்கு அஞ்சி நோயை மறைப்போர் உளர். அண்டை வீட்டாரிடமும் ஆலயத்திலும் சொல்லாமல், குடும்பமே தனிமையில் துயருறுகின்றது.

புகையிலையே இந்நோயின் தலையாய காரணம் என்பதில் ஐயமில்லை. பிரிட்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபர்ட் ஹில் என்னும் அறிஞர்கள் 1950ஆம் ஆண்டிலேயே இத்தொடர்பை எடுத்துக்காட்டினர். ஆயினும், மலேசியாவில் இந்நோய்க்கு ஆளான பெண்களுள் பெரும்பாலோர் புகைத்தறியாதவர்கள். பிறர் விடும் புகையும் மாசடைந்த காற்றும் கூட நுரையீரலைக் கெடுக்கின்றன. புகைத்தவர்களும் ஏச்சுக்குரியவர் அல்லர். நிகோடின் என்னும் நச்சுப்பொருளுக்கு அடிமைப்பட்டவர்கள். ஏசுவதால் நோய் தீர்வதில்லை. நோயாளி வாய் திறவாமற் போவதே அதன் பயன்.

ஆராய்ச்சி உலகம் நம்பிக்கை தரும் செய்திகளையும் அளித்துள்ளது. அமெரிக்காவில் நெடுங்காலம் மிகுதியாகப் புகைத்த 53,000க்கும் மேற்பட்டோரிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. குறைந்த கதிர்வீச்சுடைய சி.டி. ஸ்கேன் சோதனைக்கு உட்பட்டவர்களிடையே இந்நோயால் நேரும் மரணம், எக்ஸ்ரே சோதனைக்கு உட்பட்டவர்களைக் காட்டிலும் 20 விழுக்காடு குறைந்தது என்று 2011இல் வெளியான அதன் முடிவு தெரிவித்தது. மேலும், நுரையீரல் கட்டியில் ஏற்படும் ஒரு மரபணு மாற்றம் 2004இல் கண்டறியப்பட்டது. அம்மாற்றம் ஆசிய மக்களிடமும் புகைக்காதவர்களிடமும் கூடுதலாகக் காணப்படுகின்றது. அஃது உடையோருக்கு மாத்திரையாலேயே நோயைக் கட்டுப்படுத்தும் வழி பிறந்தது. ஆகவே, "மரபணுச் சோதனை செய்யலாமா?" என்று மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை.

ஆனால் விலையுயர்ந்த புதிய மருந்துகள் எல்லா நோயாளிக்கும் எளிதிற் கிட்டுவதில்லை. இங்குதான் குரல் கொடுப்போர் தேவைப்படுகின்றனர். 1966இல் தோன்றிய தேசியப் புற்றுநோய்ச் சங்கம் இத்துறையில் முன்னோடி. நெஞ்சக அறுவை மருத்துவர் ஆனந்த் சச்சிதானந்தன் தலைமையேற்று நடத்திய மலேசிய நுரையீரல் புற்றுநோய்க் கூட்டமைப்பு, முன்கூட்டியே சோதித்தறிய வேண்டுமென வலியுறுத்தி வந்துள்ளது. 1991இல் தொடங்கப்பட்ட ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் நோயாளரின் இல்லம் தேடிச் சென்று வலி தணிக்கும் பணியை ஆற்றுகின்றது. புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024 அக்டோபர் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. எனினும், 2007ஆம் ஆண்டு முதல் பிறந்தோருக்குப் புகையிலை விற்கலாகாது என்னும் பிரிவு 2023லேயே மசோதாவினின்று நீக்கப்பட்டது. பொதுமக்களின் குரல் ஓங்கினால் அது மீண்டும் எழக்கூடும்.

சமுதாயத்தின் முயற்சி எத்தகைய பயன் தரும் என்பதற்குச் சென்னை அடையாறு சான்று. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டி 1954இல் அங்குப் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய அம்மனை, பின்னாளில் டாக்டர் சாந்தா அம்மையாரின் உழைப்பால் இந்தியா முழுவதும் புகழ் பெற்றது.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள ஆலயங்கள் மருத்துவமனை கட்ட வேண்டுவதில்லை. அவை செய்யக்கூடிய பணிகள் எளியவை. கிள்ளானில் வாழும் முதியவர் கதிர்வீச்சுச் சிகிச்சைக்காகக் கோலாலம்பூருக்கோ புத்ராஜெயாவுக்கோ பல வாரங்கள் சென்றுவர நேரிடலாம். மகன் நாட்சம்பளக்காரராயின், தந்தையோடு செல்லும் ஒவ்வொரு நாளும் வருமான இழப்பே. கார் வைத்திருக்கும் இளைஞர் ஐவர் முறைவைத்துச் சென்றால் அச்சுமை பெரிதும் குறையும். மலாய் மொழியில் வரும் கடிதங்களைப் படித்து விளக்கவும், சொக்சோ, ஊழியர் சேமநிதி உதவிகளுக்கு மனுச் செய்யவும் படித்தவர்கள் துணை புரியலாம். அன்னதானத்திற்குச் சமைக்கும் அதே கைகள், நோயாளியின் இல்லத்திற்கு ஒரு பாத்திரம் கஞ்சி அனுப்பலாம். இரவெல்லாம் கண் விழித்த மனைவி சற்றே உறங்கும்படி, மாதர் பகுதியினர் இரண்டு மணி நேரம் நோயாளியின் அருகில் அமரலாம். ஆலய வளாகம் முழுவதும் புகையற்ற இடமாக விளங்க நிர்வாகத்தினர் ஆவன செய்யலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. நோயாளியைக் காணச் செல்பவர், "புகைத்தீர்களா?" என்று கேளாமல், "மருத்துவமனைக்கு என்றைக்குப் போக வேண்டும்? யார் உடன் வருகிறார்கள்?" என்று கேட்டல் வேண்டும். அங்ஙனம் கேட்பவரே வள்ளுவர் காட்டிய நான்காமவர். அத்தகையோர் ஒவ்வோர் ஆலயத்திலும் பெருகுவாராக.