0.72: இந்த எண் யாரைப் பத்திப் பேசுது?

இன்னிக்கு ஒரே ஒரு எண்ணைப் பத்திப் பேசப் போறோம்: 0.72.

சிறையில இருக்கிற ஒருத்தருக்குப் பரோல் கொடுக்கலாமான்னு முடிவெடுக்க, அமெரிக்கா, பிரிட்டன் மாதிரி நாடுகள்ல உளவியலாளர்கள் சில மதிப்பீட்டுக் கருவிகளைப் பயன்படுத்துறாங்க. வயசு, பழைய குற்றங்கள், இப்படி ஒவ்வொண்ணுக்கும் மார்க் போட்டு, கடைசியில 'ஹை ரிஸ்க்'னு எழுதுவாங்க. அந்தக் கருவியை எவ்வளவு நம்பலாம்? ஆய்வுக் கட்டுரைகள்ல பெரும்பாலும் கிடைக்கிற பதில், ஏயூசி. 0.5 என்றால் பூவா தலையா போடுவதற்குச் சமம். 1 என்றால் ஒரு பிசகும் இல்லை.

0.72ன்னதும், 'நூத்துக்கு 72 தடவை சரியாச் சொல்லுது'ன்னு தோணும். அர்த்தம் அது இல்லை. மறுபடி குற்றம் செய்த ஒருத்தரையும் செய்யாத ஒருத்தரையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தினா, செய்தவருக்கு அதிக மார்க் விழ 72% வாய்ப்பு. அவ்வளவுதான். ஆனா பரோல் போர்டு முன்னாடி ஜோடியா யாரும் வர்றதில்லை. ஒரே ஒரு ஆள்தான் உட்கார்ந்திருக்கார்.

ஒரு சின்னக் கணக்கு. குற்றம் செய்யப் போறவங்கள்ல 70%, செய்யாதவங்கள்ல 70% சரியாப் பிரிக்கிற கருவின்னு வச்சுக்குவோம். 1000 பேர்ல 500 பேர் திரும்பக் குற்றம் செய்யற கூட்டத்துல, 'ஹை ரிஸ்க்' முத்திரை 500 பேருக்கு விழும்; அதுல 350 சரி. 100 பேர் மட்டுமே செய்யற கூட்டத்துல முத்திரை 340 பேருக்கு. சரியானது வெறும் 70. கருவி அதேதான். முத்திரையோட அர்த்தம்தான் மாறிடுச்சு.

இது வெறும் பேப்பர் கணக்கு இல்லை. 2012ல பிஎம்ஜே இதழில் ஃபாசெல் குழுவினர் 24,827 பேரோட தரவுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க. வன்முறையைக் கணிக்கிற கருவிகளோட இடைநிலை ஏயூசி 0.72. ஆனா ஆபத்தானவர்னு முத்திரை விழுந்தவங்கள்ல பிறகு வன்முறைக் குற்றம் செய்தவங்க 41%தான். 'ஆபத்து குறைவு'ன்னு சொன்னப்போ மட்டும் 91% சரியா இருந்துச்சு. இந்த ரெண்டாவது தகவலை ஏயூசி மட்டும் பார்த்தா கண்டுபிடிக்கவே முடியாது.

நம்ம வேலையில ஒரு ஃபிராட் மாடலுக்கு ஏயூசி மட்டும் காட்டினா ரிவ்யூல விடுவாங்களா? 'கட்ஆஃப் எங்க வச்சே? ஃபால்ஸ் பாசிட்டிவ் எத்தனை?'ன்னு கேப்பாங்க. அங்க தப்பு நடந்தா ஒரு கார்டு பிளாக் ஆகும். இங்க ஒருத்தர் வீட்டுக்குப் போறது தள்ளிப்போகும்.

இந்த ஆய்வுகளை எப்படி எழுதணும்னு 2015லயே ஒரு வழிகாட்டி வந்தாச்சு. நாம கேக்க வேண்டியது எளிமையானது: எத்தனை பேருக்கு முத்திரை, அதுல எத்தனை சரி, எத்தனை பேரை விட்டாங்க, அதுல எத்தனை தப்பு. இந்த நாலு எண்ணும் இல்லாத கட்டுரையை வச்சு ஒருத்தரோட விடுதலையை முடிவு பண்ணக் கூடாது.