சாயத் தொட்டியும் விரல் நுனியும்

தோல், முடி, நகம் பற்றிய இந்தக் கருத்தரங்கைக் காஞ்சிபுரத்தில் கூட்டியவர்களுக்கும், மருத்துவர்களோடு வந்து அமர்ந்திருக்கும் நெசவாளர்கள், சாயத் தொழிலாளர்களுக்கும் என் நன்றி.

பட்டுச் சாயப்பட்டறையில் வேலை செய்பவரின் கையைப் பாருங்கள். வேலையை நிறுத்தினால் உள்ளங்கையின் அரக்கு நிறம் சில வாரங்களில் போய்விடும். நகத்தில் ஏறியது மாதக்கணக்கில் நிற்கும். பட்டு ஒரு புரதம். மேல்தோலும் முடியும் நகமும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனவை. பட்டைப் பற்றும் அமிலச் சாயம் இவற்றையும் விடாமல் பற்றுகிறது. மேல்தோல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறத்தாழ 4 முதல் 6 வாரம் ஆகும். கைவிரல் நகமோ மாதம் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழுதாக மாற ஆறு மாதம் வேண்டும்.

நிறத்தால் பெரிய கெடுதல் இல்லை. என் கவலை அதற்கு முந்தைய வேலையைப் பற்றியது. கச்சாப் பட்டில் எடையில் ஏறக்குறைய கால்பங்கு, செரிசின் என்னும் பசை. அதைப் போக்கச் சோப்பும் சோடாவும் கலந்து வேகவைப்பார்கள். அந்த நீர் அலசுகிற, பிழிகிற கையிலும் படும். தோலின் வெளியடுக்கில் இறந்த செல்களுக்கு நடுவே கொழுப்பு நிரம்பியிருப்பதால்தான் உடலின் ஈரம் உள்ளே நிற்கிறது. சோடா அந்தக் கொழுப்பைக் கரைத்துவிட்டால் தோல் வறண்டு வெடிக்கும். வெடிப்பின் வழியே சாயமும் உள்ளே போகும். சிலருக்கு ஒவ்வாமையும் தொடங்கும். அவர்கள் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் தொட்டிக்குப் போகிறார்கள். நாமோ களிம்பை எழுதிக் கொடுத்துவிட்டு, "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்க மறக்கிறோம். இது நம் துறையின் பெரிய குறை.

குழித்தறியில் அறுந்த பாவு இழையைத் தேடி முடிபோடும் விரலும் நம் பாடம்தான். அந்த விரல் நுனியின் ரேகை மேடுகளுக்கு அடியில் தொடு உணர்வு நுண்ணுறுப்புகள் நெருக்கமாக இருக்கின்றன. நகம் பின்னால் நின்று தாங்குவதால்தான் நுனிச்சதை அழுந்தி, மெல்லிய இழையும் கைக்குத் தட்டுப்படுகிறது.

இந்த உணர்வு போனால் என்ன ஆகும் என்பதைத் தொழுநோயைக் கண்ட நம் வட்டாரம் நன்கறியும். செங்கல்பட்டுத் திருமணியில் 1955இல் மத்தியத் தொழுநோய் நிறுவனம் தோன்றியது. கொல்லிமலையில் சிறுவயதைக் கழித்த பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். வலி தெரியாத விரல் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் புண்மேல் புண்ணாகித்தான் தேய்கிறது என்று காட்டியவர் அவர்.

அதனால்தான் பிற்பகலில் கையுறை பற்றிய அமர்வை வைக்கச் சொன்னேன். தடித்த உறையில் இழை தெரியாது. மெல்லிய உறை சூட்டைத் தாங்காது. அந்த அமர்வில் சாயத் தொழிலாளர்கள் முதலில் பேசட்டும். மருத்துவர்கள் பிறகு பேசலாம். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.