ஆயில் எஞ்சின் நின்றால், பம்பைக் கழற்றும் முன்

சாலவாக்கம், உத்திரமேரூர் பக்கத்தில் சம்பாவுக்கு ஏரித் தண்ணீர் துணை நிற்கும். நவரை கதிர் வாங்கும்போது ஏரி இறங்கிவிடும். சித்திரைக்கு மேல் சொர்ணவாரி நட்டவர்களுக்குக் கிணறுதான் கதி. மின் இணைப்புக்கு எழுதிப்போட்டுக் காத்திருப்பவர்களுக்கு இன்றும் கைகொடுப்பது பழைய ஆயில் எஞ்சின். பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் அது நின்றுபோனால் மனசு பதறும். உடனே, "ஃப்யூயல் பம்பு போச்சு" என்று சொல்லி ஸ்பேனரை எடுத்துவிடுகிறோம். அந்தப் பம்பில் கை வைப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

டேங்கிலிருந்து டீசல் தானாக இறங்கி, ஃபில்டர் வழியாக ஃப்யூயல் பம்புக்கு வருகிறது. பம்புக்குள் இருக்கும் பிளஞ்சர் அதை அழுத்தி, நாசில் வழியாகப் புகைபோல் பீய்ச்சுகிறது. பல எஞ்சின்களில் இந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவுக்கு இருக்கும். பிளஞ்சருக்கும் அது ஓடும் பேரலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்குதான். கண்ணுக்குத் தெரியாத தூசியும் அதைக் கீறிவிடும். வயல் வரப்பில், காற்றடிக்கும் இடத்தில் பம்பைப் பிரித்தால், நல்ல பம்பும் கெட்டுப்போகும்.

ஆகவே டேங்கிலிருந்து தொடங்குங்கள். டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. அது அடைத்துக்கொண்டால் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். மூடியைத் திறந்துவிட்டு எஞ்சின் ஒழுங்காக ஓடினால், கோளாறு அந்த ஓட்டையில்தான்.

அடுத்தது ஃபில்டர். பம்புக்கு வரும் பைப்பைக் கழற்றிப் பாருங்கள். டீசல் தாரையாக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் ஃபில்டரோ பைப்போ அடைத்திருக்கிறது. ஃபில்டரின் அடியில் தண்ணீர் தங்கியிருந்தால் வடித்துவிடுங்கள்.

மூன்றாவது ஏர் லாக், அதாவது டீசல் வரும் வழியில் காற்று சிக்கிக்கொள்வது. டீசல் தீர்ந்து நின்ற எஞ்சினில் இது நிச்சயம் இருக்கும். முதலில் ஃபில்டரின் ஏர் ஸ்க்ரூவையும், பிறகு பம்பின் ஸ்க்ரூவையும் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு இறுக்குங்கள். பிறகு டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி ஹேண்டிலைச் சுற்றுங்கள். நாசில் "கிர்ர்" என்று சத்தம் கொடுத்தால் பம்பு வேலை செய்கிறது என்று பொருள். ஒன்று மட்டும் மறக்காதீர்கள். நாசில் பீய்ச்சும் டீசலுக்கு நேரே விரலை நீட்டவே கூடாது. அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியதுபோல் சின்னதாகத் தெரிந்தாலும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் எஞ்சின் எடுக்கவில்லை என்றால்தான் பம்பைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கும் அடையாளம் உண்டு. காலையில் எடுக்கும் எஞ்சின், சூடாகி நின்றபின் திரும்ப எடுக்காது. சூட்டில் டீசல் நீர்த்து, தேய்ந்த பிளஞ்சரின் ஓரமாக நழுவுவதுதான் காரணம். எஞ்சினின் அடிப்பகுதியோடு பம்பு பொருத்தியிருந்தால், நழுவிய டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து, ஆயில் அளவு தானாக ஏறும். அளவுக் கம்பியை மோந்து பார்த்தால் டீசல் வாடை அடிக்கும். அப்படியே ஓட்டினால் ஆயில் நீர்த்து பேரிங்கும் போய்விடும்.

பிளஞ்சரை எமரித் தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பிளஞ்சரும் பேரலும் ஜோடி. மாற்றினால் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். அந்த வேலையைப் பம்பு டெஸ்டிங் மெஷின் உள்ள கடையில் கொடுங்கள். பம்பைக் கழற்றும்போது அதன் அடியில் இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளைப் பத்திரப்படுத்துங்கள். டீசல் பீய்ச்சும் நேரத்தை அவைதான் நிர்ணயிக்கின்றன. ஒரு தகடு குறைந்தாலும் எஞ்சின் முரண்டு பிடிக்கும்.

பம்பைக் கெடுப்பது பெரும்பாலும் நாம் ஊற்றும் டீசல்தான். விலை குறைகிறதே என்று மண்ணெண்ணெய் கலப்பவர்கள் இருக்கிறார்கள். பிளஞ்சருக்கு எண்ணெய்ப் பசையும் டீசலிலிருந்துதான் கிடைக்கிறது. மண்ணெண்ணெயில் அந்தப் பசை குறைவு. மிச்சம் பிடித்த காசு பம்புக் கடைக்குத்தான் போகும். கேனில் வாங்கிய டீசலை ஒரு நாள் அசையாமல் தெளிய வையுங்கள். அடியில் உள்ளதை விட்டுவிட்டு, மேலாக வடிகட்டி ஊற்றுங்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி வைத்தால், இரவில் உள்ளே ஈரம் கோக்காது.

சொர்ணவாரிக்கு நாற்று விடும் முன்பே ஃபில்டரை மாற்றி, டேங்கைக் கழுவி, எஞ்சினை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பயிர் வாடத் தொடங்கியபின் மெக்கானிக்கைத் தேடுவதைவிட அது எவ்வளவோ மேல்.