மருளுக்கு ஏற்ற மண்

இலங்கையின் வறண்ட, கற்பாங்கான நிலங்களிலே வாள்போல் நிமிர்ந்த இலைகளையுடைய செடியொன்று இயல்பாக வளர்கின்றது. தமிழில் மருள் என்றும் சிங்களத்தில் நியந்த என்றும் அது வழங்கும். அதன் இலைநார் மிக உறுதியானது. வில்லுக்கு நாண் திரிக்கத்தக்கது என்பதனால் ஆங்கிலேயர் அதனை ‘வில்நாண் சணல்’ என்றனர். இன்று வீட்டு முகப்புகளை அணிசெய்யும் மஞ்சட்கரைப் பாம்புச்செடி அதற்கு நெருங்கிய உறவு. அதன் தாயகம் மேற்கு ஆபிரிக்கா. தாவரவியலார் இவ்விரண்டையும் நெடுங்காலம் சான்செவியேரியா என்னும் பேரினத்தில் வைத்திருந்தனர். மரபணு ஆராய்ச்சியின் பயனாக இப்பொழுது டிரசீனாவுடன் சேர்த்துள்ளனர்.

பெயர் மாறினும் இயல்பு மாறவில்லை. இச்செடி தடித்த இலைகளிலே நீரைச் சேமித்து வைக்கும். பகல் வெப்பத்தில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவிலே திறக்கும். வாரக்கணக்கில் நீரின்றியும் வாடாத இச்செடி, பூச்சட்டியிலே அழுகி மடிவது ஏன்? பஞ்சத்தால் அன்று, பரிவின் மிகுதியால். வேருக்கு நீர் வேண்டியதுபோலவே காற்றும் வேண்டும். மண்ணின் இடைவெளிகளை நீர் நிரப்பி நின்றால் வேர் மூச்சடைக்கும். அழுகற் பூஞ்சணம் பற்றும். இலை தளர்வதைக் கண்டு, தாகமென்று எண்ணி, வீட்டார் மேலும் நீர் ஊற்றுவர். செடியின் முடிவு அதனால் விரைவுபடும்.

ஆகவே, மண் தேர்வே முதற் காரியம். தோட்டத்துக் களிமண்ணை மட்டும் சட்டியில் நிரப்புதல் ஆகாது. நல்ல தோட்டமண் ஒரு பங்கு, கூட்டெரு அல்லது கழுவிய தும்புத்தூள் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, கடலையளவாக உடைத்த செங்கல் ஒரு பங்கு, இவற்றுடன் சிறிது சிரட்டைக்கரி எனக் கலந்துகொள்ளலாம். மாவுபோன்ற நுண்மணல் இடைவெளிகளை அடைத்துவிடும். கடல்மணலில் உப்பு உண்டு. இரண்டும் வேண்டா. ஈரப்படுத்திய கலவையைக் கையிற் பிடித்து அழுத்தி, பின் விரலால் தொட்டால் அது உதிர்ந்துவிட வேண்டும். கட்டியாகவே நின்றால் மணலும் செங்கலும் இன்னும் சேர்க்க வேண்டும்.

சட்டியின் அடியில் கல் பரப்பினால் நீர் நன்கு வடியும் என்பது பலரது நம்பிக்கை. உண்மை வேறு. நுண்ணிய மண்ணிலுள்ள நீர், அம்மண் முற்றாக ஊறும்வரை கீழேயுள்ள பருங்கற்களுக்குள் எளிதில் இறங்காது. ஆதலால் ஈரம் தேங்கும் பகுதி வேருக்கு அண்மையில் உயர்ந்துவிடுகின்றது. அடியில் துளை இருத்தலும், சட்டி முழுவதும் ஒரே கலவை இருத்தலுமே போதும். துளைவழி மண் சிந்தாதிருக்க ஓட்டுத்துண்டொன்றை வளைவு மேலாக வைக்கலாம்.

கிழங்குகள் நெருங்கிச் சட்டி புடைத்தாலும், துளைவழியே வேர் வெளிப்பட்டாலும் சட்டி மாற்றும் காலம் வந்ததென அறியலாம். மழை ஓய்ந்த மாசி, பங்குனி மாதங்கள் இதற்கு உகந்தவை. இலையைப் பற்றி இழுக்காது, சட்டியைச் சாய்த்துத் தட்டிச் செடியை வெளியே எடுக்க வேண்டும். கருத்துக் குழைந்த வேர்களைத் தூய கத்தியால் நீக்குக. செடியைப் பிரிப்பதாயின், ஒவ்வொரு கிழங்குத் துண்டிலும் இலையும் வேரும் இருத்தல் வேண்டும். வெட்டுவாய் உலர ஓரிரு நாள் நிழலில் வைக்க வேண்டும். மஞ்சட்கரை இனத்தை இலைத்துண்டிலிருந்து வளர்த்தால் பிள்ளைச்செடியில் அக்கரை தோன்றாது. கிழங்கைப் பிரித்து நட்டால் நிலைக்கும்.

புதிய சட்டி பழையதினும் ஓரிரு அங்குலம் அகன்றிருந்தாற் போதும். பெரிய சட்டியின் மிகுதி மண், வேர் உறிஞ்சாத நீரைத் தாங்கி நிற்கும். மெருகிடாத மண்சட்டி தன் சுவர்வழியே ஈரத்தை வெளியேற்றுதலால் அதுவே சிறந்தது. முன்னிருந்த ஆழத்திலேயே நட்டு, ஒரு வாரம் நீர் ஊற்றாது விடுக. அதற்குள் காயங்கள் ஆறும். பின்னரும் மண் நன்கு உலர்ந்த பின்பே நீர் ஊற்றுதல் வேண்டும். இலைகளின் நடுக்குழியில் ஊற்றலாகாது.

இச்செடியின் சாறு பூனைக்கும் நாய்க்கும் தீங்கு செய்யுமாதலால், வெட்டிய துண்டுகளை அவை எட்டாத இடத்தில் போடுதல் நன்று. வறண்ட பாறையிடுக்கில் பிழைக்கப் பழகிய செடிக்கு வீட்டார் அளிக்கத்தக்க பேருதவி, நீரையும் காற்றையும் ஒருங்கே கொள்ளும் மண்ணும், நீர்ச்செம்பை எடுக்குமுன் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்க்கும் பொறுமையுமே ஆகும்.