தீக்காவலுக்கு யோக்கியதை யாது?

(செம்மநத்தத்திற் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசும்படி எனக்குப் பணித்த விஷயம் சிறிதெனத் தோன்றலாம். மாசி முதல் வைகாசி வரையிலுள்ள வறட்சிக் காலத்தில் வனத்துறையார் மலையூர்களிலிருந்து ஆள் எடுத்துத் தீத்தடுப்புக் காவலில் அமர்த்துகின்றார்களன்றோ? அவ்வேலைக்கு நம் பிள்ளைகள் எங்ஙனம் தகுதி பெறுவது என்பதே அவ்விஷயம். "இதற்கும் ஒரு தகுதி வேண்டுமோ? மலையிற் பிறந்தவனுக்கு மலை தெரியாதோ?" என்று நம்மவரிற் பலர் வினவுகின்றனர். ஆள் எடுப்போரிலும் அவ்வாறு எண்ணுவோர் உளர். இரு சாராரும் இதில் ஒருமனப்பட்டிருப்பதே எனக்கு அச்சத்தை விளைவிக்கின்றது.

இவ்வேலை நமக்கு வேண்டிய வேலை என்பதில் ஐயமில்லை. காப்பிப் பழம் பறிக்கும் வேலை தை மாசியோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அதன்பின் பூமழை பெய்து தோட்டங்களில் மறுவேலை தொடங்குமளவும் கையிற் காசு வரும் வழி குறைவு. பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூருக்கும் கேரளத்துக்கும் புறப்படுவது இப்பருவத்திலேதான். அதே பருவத்திலேதான் சேர்வராயன் மலையின் கீழ்ச்சரிவுகளில் மரங்கள் இலையுதிர்த்து, மூங்கிலும் புல்லும் காய்ந்து, உண்ணிச்செடி விறகாகி நிற்கின்றது. ஆதலின் வீட்டிலிருந்தபடியே கூலி பெறவும், நம் காட்டை நாமே காக்கவும் இடமுண்டு. 2006-ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டமும் காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளித்திருக்கின்றது.

நம் நாட்டில் காட்டுத்தீ தானே பிறப்பது மிக அரிது. புதுப்புல் முளைக்கவேண்டுமென்று மேய்ப்பவன் வைக்கும் தீயும், தேனெடுப்பவன் விட்டுச்சென்ற பந்தமும், மலைப்பாதையில் உல்லாசப் பிரயாணி எறிந்த சிகரெட்டுத் துண்டுமே பெரும்பாலும் காரணமாகின்றன. ஒதுக்குக் காட்டில் தீ வைப்பது 1882-ஆம் ஆண்டு வனச்சட்டப்படி குற்றம். நம் பாட்டன்மார் புனம் எரித்தனர். தீயை எங்கே நிறுத்துவதென்றும் அறிந்திருந்தனர். அவ்வறிவு நம் பேரப்பிள்ளைகளிடம் எவ்வளவு எஞ்சியிருக்கின்றது என்பதை அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்க.

நிற்க. நிரந்தர வனக்காவலர் உத்தியோகத்துக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், எழுத்துப் பரீட்சையும், உயர அளவும், நடைச் சோதனையும் உண்டு. ஆடவர் நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் நடக்கவேண்டும். பருவகாலத் தீக்காவலுக்கோ இவையொன்றும் இல்லை. வழி தெரிந்தவன், வலிவுள்ளவன் என்று கண்டால் சரக அலுவலகத்தில் எடுத்துக்கொள்வர். ஒருவிதத்தில் இது நமக்கு அனுகூலமே. ஆனால் நிரந்தரக் காவலரிலும் முன்வரிசையில் நெருப்பை எதிர்ப்பவன் இவனேயாதலால், சோதனையும் பயிற்சியும் இவனுக்கே அதிகம் வேண்டும்.

அமெரிக்க தேசத்தில் இதே பருவகால வேலைக்குச் செல்வோரை எவ்வாறு ஆராய்கின்றனர் தெரியுமா? கடின வேலைக்கு வருவோன் 45 இராத்தல், அதாவது ஏறக்குறைய 20 கிலோ, பாரத்தைச் சுமந்து, சமதரையில் மூன்று மைல் தூரத்தை 45 நிமிஷத்துக்குள் கடக்கவேண்டும். ஓடலாகாது, நடக்கவே வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் நம் வனக்காவலர் சோதனையின் வேகமும் ஏறத்தாழ இதுவே. ஆயினும் அங்கே சுமையுண்டு, இங்கே தூரமுண்டு. நம் பையன்களுக்குத் தூரம் ஒரு பொருட்டன்று. சுமையும் பழக்கமே. "இவ்வளவுதானா?" என்று பின்வரிசையில் நகைப்பது கேட்கின்றது. நகைக்கவேண்டாம்; இப்பரீட்சையிலேயே நெஞ்சடைத்து மாண்டாரும் உளர். அதனாலேயே முதலில் தேகநிலையை விசாரிக்கின்றனர். நடையில் தேறியவனையும் உடனே தீயருகில் விடுவதில்லை. தீ எவ்வாறு நடக்கும் என்பதைப் படிப்பித்துப் பரீட்சித்த பின்னரே அவன் பெயருக்குச் சீட்டு வழங்குகின்றனர்.

அவர்கள் இவ்வொழுங்குக்கு வந்தது உயிர்களைக் கொடுத்தபின்னரேயாம். 1949-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி மொன்டானா மாகாணத்து மான் கல்ச் என்னும் பள்ளத்தாக்கில், விமானத்திலிருந்து குதித்துத் தீயணைக்கும் வீரர்கள் அகப்பட்டுக்கொண்டனர். காய்ந்த புல்லும் செங்குத்தான சரிவும், நம் மலைச்சரிவு போலவே. தீ கீழிருந்து மேல்நோக்கித் துரத்திற்று. தலைவர் டாட்ஜ் என்பவர் தம் முன்னாலிருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்து, அது எரிந்த சாம்பலிற் படுத்துக்கொண்டு, மற்றவரையும் வரும்படி அழைத்தார். அவர் செய்வது இன்னதென்று எவருக்கும் விளங்கவில்லை. எல்லாரும் மேலே ஓடினர். பதின்மூவர் மாண்டனர். சாம்பலிற் கிடந்த டாட்ஜ் பிழைத்தார். மாண்டவர் நோஞ்சான்களல்லர், அத்தேசத்தின் பொறுக்கியெடுத்த உடல்வலிவினர். தலைவன் அறிந்த உபாயத்தைத் தொண்டரும் முன்னரே அறிந்திருந்தால் எத்தனைபேர் தப்பியிருப்பர்!

தொலைதூரம் போவானேன்? 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ந் தேதி தேனி ஜில்லாவின் குரங்கணி மலையில் நடைப்பயணம் வந்தோரைப் புற்றீ சூழ்ந்து இருபதின்மருக்கு மேல் மாண்டதை யாவரும் அறிவீர்கள். அவர்கள் மலைக்குப் புதியவர் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொண்டோம். 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கேரளத்துத் திருச்சூர் ஜில்லாவிலுள்ள கொற்றம்பத்தூரில் மாண்ட மூவர் புதியவரா? அவர்கள் வனக்காவலர். 2024-ஆம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி அல்மோராவுக்கடுத்த பின்சர் சரணாலயத்தில் அணைக்கச் சென்ற வனப் பணியாளர் நால்வர் அவ்விடத்திலேயே மாண்டனரே, அவர்களுக்கு என்ன சமாதானம் சொல்வோம்?

ஆகையால் இளைஞர்காள், கேளுங்கள். சரிவு பத்துப் பாகை ஏறுந்தோறும் தீயின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் மக்கார்தர் கணித்தார். மேல்நோக்கி ஓடுபவன் களைக்கின்றான். மேல்நோக்கி ஓடும் தீயோ வலுக்கின்றது. எரியும் சரிவுக்கு மேலே நின்று காத்திருப்பது ஆகாத காரியம். ஓடைப்பள்ளங்களிலும் நிற்கலாகாது, அவை தீக்குப் புகைபோக்கி போலாகும். எரிந்து கறுத்து ஆறிய நிலத்தை ஒட்டி, தீயின் வால்புறத்திலிருந்து தொடங்கி, இரு பக்கங்களையும் ஒடுக்கிக்கொண்டு செல்லவேண்டும். பகலில் வெயில் ஏற ஏறக் காற்று மலைமேல் ஏறும், இரவில் இறங்கும். ஆதலின் விடியற்காலமே அணைப்பதற்கு நல்ல வேளை. பச்சைத் தழையால் அடிப்பது முழங்காலளவு தீக்குச் சரி. ஆளுயரத் தீக்குத் தழை உதவாது. அங்கே தொலைவிற் சருகையும் புல்லையும் மண் தெரிய வழித்துக் கோடு போடுவதே வழி. உருண்டு வரும் கொள்ளிக்கட்டை கோட்டைத் தாண்டி உங்களுக்குக் கீழே புதுத்தீ மூட்டுவதுமுண்டு. எதிர்த்தீ வைப்பது தலைவன் வேலை. பையன்கள் தம்மிச்சையாய்ச் செய்தால் அதுவே காலனாய் முடியும்.

வேலை தொடங்குமுன் நான்கு காரியங்கள் அமைந்திருக்கவேண்டுமென்று 1991-இல் பால் கிளீசன் என்னும் அமெரிக்கத் தீப்படைத் தலைவர் வகுத்தார். உயர்ந்த இடத்தில் தீயையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பார்வைக்காரன். அவன் குரல் எல்லார்க்கும் எட்டும் ஏற்பாடு. தப்பிச் செல்லும் வழி. சென்று சேரும் அபாயமற்ற இடம். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் பின்வாங்குக. பின்வாங்கியவனைக் கோழையென்று ஏசும் வழக்கம் நம்மூர்களில் உண்டு. அவ்வழக்கம் ஒழிந்தாலன்றி எவரையும் இவ்வேலைக்கு அனுப்ப எனக்குச் சம்மதமில்லை.

உடையையும் சொல்லிவிடுகிறேன். நைலான் சட்டை உருகி உடம்பில் ஒட்டும், பருத்தியே வேண்டும். ரப்பர்ச் செருப்பும் மடித்துக்கட்டிய கைலியும் வேண்டா. பூட்ஸ் தரும்படி சரக அலுவலகத்திற் கேட்பது பிச்சையன்று. கூலிப் பட்டியலில் பெயர் ஏறிற்றா, எத்தனை நாள் பதிந்தது, காயம்பட்டால் காப்புறுதி யாது என்று கேட்பதும் அப்படியே. பட்டியலிற் பெயரில்லாதவன் தீயிற் காயமுற்றால், அவன் அங்கே வேலை செய்தான் என்பதற்கே சாட்சி தேடவேண்டியிருக்கும்.

2004-ஆம் ஆண்டு முதல் இந்திய வன அளவைத் துறையார் செயற்கைக் கோள்களின் மூலம் தீயைக் கண்டு செய்தி அனுப்புகின்றனர். நன்று. ஆயினும் கோள் தலைக்கு மேலே கடக்கும்போதுதான் காணும். விறகுக்குப் போகும் நம் தாய்மார் புகையை அதற்கு முன்னரே காண்பர். ஊருக்கு ஒரு பெண் பார்வைக்காரியையும் பட்டியலிற் சேர்க்கும்படி எழுதிக் கேட்கவேண்டும் என்பது என் பிரேரணை. ஆடவர் எவரேனும் ஆட்சேபித்தால் எழுந்து சொல்லலாம்.

காரியதரிசிக்கு ஒரு வேண்டுகோள். தை பிறந்ததும் பெயர் கொடுக்கும் பிள்ளைகளை ஞாயிறுதோறும் இங்கே கூட்டுங்கள். 20 கிலோ எடையுள்ள காப்பி மூட்டை ஒன்றும் தராசும் இருந்தாற் போதும். இம்மலையில் சமதரையாக மூன்று மைல் கிடைப்பது அரிது. கிடைத்த தரையிலேயே போய்த் திரும்பட்டும். வனவர் ஒருவரை அழைத்துக் கோடு போடும் விதத்தைக் காட்டச் செய்யுங்கள். நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ உள்ள பையன்கள் மூட்டையைத் தொடுமுன் ஏற்காட்டு அரசு மருத்துவமனையிற் காட்டிச் சீட்டு வாங்கி வரட்டும்.