பையன்கள் நடத்தும் பள்ளிக்கூடம்



1972ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், நியூவார்க் நகரத்தில், 104 ஆண்டுகள் நடந்த ஒரு பள்ளி இழுத்து மூடப்பட்டது. பெயர் செயின்ட் பெனடிக்ட்ஸ் பிரிப்பரேட்டரி ஸ்கூல். ஆண் பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார்செய்து அனுப்பும் தனியார் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி. மூடிய மறு ஆண்டு, 1973 கோடையில், அதே கட்டடத்தில், ஊரை விட்டுப் போகாத சில துறவிகள் அதை மறுபடியும் திறந்தார்கள். சேர வந்த மாணவர்கள் 89 பேர். அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தப் பள்ளி நடக்கிறது. மூடிய கதவு எப்படித் திறந்தது, திறந்த கதவு எப்படி மூடாமல் நிற்கிறது என்ற இரண்டையும் இந்த அவையில் சொல்லியாக வேண்டும்.

நியூவார்க் எங்கே இருக்கிறது? நியூயார்க்கின் வானுயர்ந்த கட்டடங்களிலிருந்து ஹட்சன் ஆற்றைத் தாண்டி மேற்கே போனால் சிறிது நேரத்தில் வந்துவிடும் தொழில் நகரம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கர்கள் செயின்ட் மேரி தேவாலயத்தைக் கட்டிக்கொண்டார்கள். வந்தேறிகள், வேறு மதப் பிரிவினர் என்ற வெறுப்பில் 1854இல் ஒரு கும்பல் அந்தத் தேவாலயத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கியது. அந்த மக்களுக்குத் துணையாக வந்தவர்கள்தான் பெனடிக்டைன் துறவிகள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்று வணங்கும் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்கின்படி வாழ்பவர்கள். 1868இல் அவர்கள் தொடங்கிய பள்ளி இது. யாரை ஊர் ஏற்றுக்கொள்ளவில்லையோ அவர்கள் வீட்டுப் பையன்களுக்காகப் பிறந்த பள்ளி. ஜெர்மானியர், அயர்லாந்துக்காரர், பிறகு இத்தாலியர், போலந்துக்காரர் என்று தலைமுறை தலைமுறையாக ஏழை வீட்டுப் பிள்ளைகள் இங்கே படித்து வக்கீலானார்கள், மருத்துவரானார்கள், வங்கி அதிகாரியானார்கள். அப்படி முன்னேறியவர்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். நகரத்தில் அவர்கள் விட்டுப்போன வீடுகளில் கறுப்பின மக்கள் வந்து குடியேறினார்கள்.

1967 ஜூலை 12. ஜான் ஸ்மித் என்ற கறுப்பின டாக்சி ஓட்டுநரைப் போலீஸார் பிடித்து அடித்தார்கள். செய்தி பரவி நகரம் கொந்தளித்தது. தேசியக் காவல்படை தெருவில் இறங்கியது. கலவரம் ஓய்ந்தபோது 26 பேர் இறந்திருந்தார்கள். அதற்கு முன்பே தொடங்கியிருந்த வெள்ளையர் வெளியேற்றம் அதன் பிறகு வெள்ளமாகப் பெருகியது. பள்ளியில் மாணவர் எண்ணிக்கை சரிந்தது. பள்ளியை நடத்திய துறவிகளின் மடத்துக்குள்ளேயே கருத்து பிளந்தது. இந்தப் பள்ளி இனி யாருக்காக? இந்த ஊரில் நமக்கு இனி என்ன வேலை? இந்தக் கேள்விகளுக்கு ஒருமித்த பதில் கிடைக்கவில்லை. பள்ளி மூடப்பட்டது. துறவிகளில் கணிசமானவர்கள் புறநகரில் இருக்கும் மோரிஸ்டவுன் மடத்துக்குப் போய்விட்டார்கள்.

மற்றவர்கள் போகவில்லை.

பெனடிக்டைன் துறவி எடுக்கும் வாக்குறுதிகளில் ஒன்று நிலைத்திருத்தல். சேர்ந்த மடத்திலேயே, அந்தச் சகோதரர்களோடேயே, சாகும்வரை வாழ்வேன் என்று அவர் உறுதி கொடுக்கிறார். அமைதிக் காலத்தில் சொல்வதற்கு எளிதான வாக்கு அது. அக்கம்பக்கத்தில் கடைகள் எரிந்து கிடக்கும்போது, பழைய குடும்பங்கள் எல்லாம் காலி செய்துவிட்டுப் போனபோது, கையில் பணமும் இல்லாதபோது அதைக் காப்பாற்றுவதுதான் கடினம். தங்கியவர்கள் அதைக் காப்பாற்றினார்கள். பள்ளியைத் திறப்பது என்று முடிவெடுத்து, இருப்பவர்களிலேயே இளையவர்களில் ஒருவரைத் தலைமையாசிரியராக்கினார்கள். அதே பள்ளியில் படித்து வளர்ந்த அருட்தந்தை எட்வின் லேஹி. அப்போது அவருக்கு வயது 26. அரை நூற்றாண்டு அந்தப் பொறுப்பில் இருந்தார்.

இந்த இடத்தில் அவையோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வந்த 89 பேரில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆள் பலமும் பண பலமும் இல்லாத பள்ளி அவர்களைக் கட்டி மேய்க்க நினைத்திருந்தால் ஓர் ஆண்டுகூடத் தாங்கியிருக்காது. லேஹியும் அவருடைய சகாக்களும் வேறு வழியைப் பிடித்தார்கள். பையன் தானே செய்துகொள்ளக்கூடிய எதையும் பெரியவர்கள் அவனுக்காகச் செய்யக் கூடாது. சாரணர் கையேட்டிலிருந்து எடுத்துக்கொண்டதாக லேஹி சொல்லும் இந்த ஒரு கொள்கையின் மேல்தான் பள்ளி முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது.

அது நடைமுறையில் எப்படி இருக்கும்? காலையில் மாணவர்கள் அனைவரும் ஓர் அரங்கில் கூடுகிறார்கள். மேடையேறிக் கூட்டத்தை நடத்துபவன் ஒரு மாணவன். பள்ளி முழுவதும் நான்கு பிரிவுகளாக, ஒவ்வொரு பிரிவும் பல குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 14 வயதுப் பையனும் 18 வயது இளைஞனும் ஒரே குழுவில் இருப்பார்கள். குழுவுக்கு ஒரு தலைவன், அவனும் மாணவன்தான். எல்லாருக்கும் மேலே இறுதியாண்டு மாணவன் ஒருவன் முதன்மைத் தலைவன். வருகைப் பதிவை எடுப்பது மாணவர்கள். ஒருவன் வரவில்லையென்றால் அவன் குழுத் தலைவன்தான் பதில் சொல்ல வேண்டும். ஏன் வரவில்லை, காய்ச்சலா, வீட்டில் பிரச்சினையா, இரவெல்லாம் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு விடியற்காலையில் கண்ணயர்ந்துவிட்டானா என்று விசாரிக்க வேண்டியவன் அவன்தான். பிறகு ஜெபம், பாட்டு, அன்றைய அறிவிப்புகள். ஆசிரியர்களும் துறவிகளும் அங்கேயே இருப்பார்கள். ஆனால் கூட்டம் அவர்கள் கையில் இல்லை.

இது ஏதோ அறுபதுகளின் புதுமோகம் என்று நினைத்துவிடக் கூடாது. வேர் 6ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்கின் மூன்றாம் அதிகாரம், முக்கியமான காரியம் எதுவானாலும் மடத்தலைவர் எல்லாத் துறவிகளையும் அழைத்து ஆலோசனை கேட்க வேண்டும் என்கிறது. அதற்கு அவர் சொல்லும் காரணம், இறைவன் பல நேரங்களில் நல்ல வழியை வயதில் இளையவருக்கே காட்டுகிறார் என்பது. சுமார் 15 நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு மலைமேல் இருந்த துறவி எழுதிவைத்ததை, நியூவார்க்கில் பதின்வயதுப் பையன்களை வைத்து இவர்கள் செயல்படுத்திப் பார்த்தார்கள்.

பொறுப்பு கொடுத்தால் போதுமா? அதைத் தூக்கத் தோள் வேண்டுமே! அந்தத் தோளை முதலாண்டிலேயே வளர்க்கிறார்கள். அந்த ஊரில் மற்ற பள்ளிகள் செப்டம்பரில் திறக்கும். இங்கே கோடையிலேயே ஆண்டு தொடங்கிவிடும், ஆண்டில் 11 மாதம் பள்ளி உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் சில இரவுகள் வீட்டுக்குப் போவதில்லை. உடற்பயிற்சிக் கூடத்தின் தரையில் படுக்கையை விரித்துப் படுக்கிறார்கள். மூத்த மாணவர்கள் அவர்களுக்குப் பள்ளியின் வரலாற்றைச் சொல்லிக்கொடுக்கிறார்கள், பள்ளிப் பாடலைப் பழக்குகிறார்கள். கூடப் படுத்திருப்பவன் பெயர் என்ன என்று தெரியாமல் எவனும் அங்கிருந்து வெளியேற முடியாது.

அந்த முதலாண்டின் முடிவில், மே மாதத்தில், பெரிய சோதனை ஒன்று காத்திருக்கிறது. அப்பலேச்சியன் மலைப்பாதையில் நடைப்பயணம். நியூஜெர்சியின் வடமேற்கு மூலையில், ஹை பாயின்ட்டிலிருந்து டெலவேர் ஆற்றுக் கணவாய் வரை சுமார் 55 மைல், நம் கணக்கில் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்து, முதுகில் கூடாரம், சாப்பாடு, தண்ணீர் எல்லாம் சுமந்து நாள்கணக்கில் நடக்க வேண்டும். குழுவில் ஒவ்வொருவனுக்கும் ஒரு வேலை. வரைபடம் பார்த்து வழி சொல்ல ஒருவன், சமையலைக் கவனிக்க ஒருவன், முதலுதவிப் பெட்டிக்கு ஒருவன். பலர் அதுவரை காட்டையே பார்க்காத நகரத்துப் பிள்ளைகள். மழை கொட்டும். பாறையில் கால் வழுக்கும். காலணிக்குள் கொப்புளம் வெடிக்கும். ஒருவன் உட்கார்ந்துவிட்டால் குழு முழுவதும் நிற்க வேண்டியதுதான். அவன் பையிலிருந்து கொஞ்சம் சுமையை எடுத்துத் தங்கள் பைகளில் போட்டுக்கொண்டால்தான் பொழுது சாய்வதற்குள் கூடாரம் அடிக்கும் இடத்தை அடையலாம். என் சகோதரனை நோகடிப்பது என்னையும் நோகடிக்கும், அவனுக்கு உதவுவது எனக்கும் உதவும் என்பது அந்தப் பள்ளியின் தாரக வாசகம். அந்த மலைப்பாதையில் பையன்கள் அதை முதுகால் படிக்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகளில் பலர் பெரும் துயரங்களோடு வருகிறார்கள். தகப்பனைப் பார்த்தே அறியாதவர்கள் இருக்கிறார்கள், தகப்பன் சிறையில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். மனம் கொதிக்கும் பையனுக்கு அல்ஜீப்ரா ஏறாது என்பதைப் பள்ளி ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டது. ஆகவே உளவியல் ஆலோசனைக்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். தகப்பன் இல்லாமல் வளரும் பையன்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு குழு உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'அறியப்படாத மகன்கள்'. ஆண் பிள்ளை அழக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட பையன், அங்கே முதல் தடவையாக வாய் திறந்து சொல்கிறான், கேட்பவனும் அதே வலி உள்ளவன். வீட்டுச் சூழல் தாங்க முடியாதவர்கள் வளாகத்திலேயே தங்கிப் படிக்கவும் இடம் இருக்கிறது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். 2016இல் சிபிஎஸ் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி இந்தப் பள்ளியைப் பற்றி விரிவாகக் காட்டியது. ஏறத்தாழ 550 மாணவர்கள், படித்து முடிப்பவர்களில் 98 விழுக்காட்டினர் கல்லூரிக்குப் போகிறார்கள் என்ற செய்தி அமெரிக்கா முழுவதும் போய்ச் சேர்ந்தது. விளையாட்டிலும் பெயர் பெற்ற பள்ளி. அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைவராக உலகக் கோப்பையில் ஆடிய கிளாடியோ ரெய்னா, அதே அணிக்கு ஆடிப் பின்னாளில் பயிற்சியாளரான கிரெக் பெர்ஹால்டர், அவர்களுக்கு முன்னால் டாப் ராமோஸ் எல்லாரும் இந்த மைதானத்தில் பந்து உதைத்தவர்கள். கட்டணத்தைக் கொண்டு மட்டும் பள்ளி ஓடவில்லை. முழுக் கட்டணம் கட்ட முடிந்த குடும்பங்கள் குறைவு. பழைய மாணவர்களும் நல்ல மனம் படைத்தவர்களும் கொடுக்கும் நன்கொடைதான் மீதியை ஈடுகட்டுகிறது.

வெற்றிகளை மட்டும் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்குவது நேர்மையாகாது. ராபர்ட் பீஸ் என்ற மாணவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவனுக்கு ஏழு வயதாக இருந்தபோது தகப்பன் கொலை வழக்கில் சிறைக்குப் போனார். தாய் சமையற்கூடங்களில் வேலை செய்து வளர்த்தார். பையன் இந்தப் பள்ளியில் முதன்மைத் தலைவனாக உயர்ந்தான். அப்போது கிரெடிட் கார்டு வங்கியான எம்பிஎன்ஏவின் தலைவராக இருந்த சார்லஸ் காலி இதே பள்ளியின் பழைய மாணவர். அவன் திறமையைக் கண்டு கல்லூரிச் செலவை ஏற்றுக்கொண்டார். ராபர்ட் யேல் பல்கலைக்கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியலும் உயிர்வேதியியலும் படித்து 2002இல் பட்டம் பெற்றார். திரும்பி வந்து சில ஆண்டுகள் இதே பள்ளியில் உயிரியல் ஆசிரியராக இருந்தார். ஆனால் போதைப்பொருள் வியாபாரம் அவரை விடவில்லை. 2011இல், 30 வயதில், நியூவார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். யேலில் அவரோடு ஒரே அறையில் தங்கிப் படித்த ஜெஃப் ஹாப்ஸ் அவர் வாழ்க்கையை 2014இல் நூலாக எழுதினார், பின்னர் அது திரைப்படமாகவும் வந்தது. நான்கு ஆண்டு எவ்வளவு அருமையாக வளர்த்தாலும், வாசலுக்கு வெளியே காத்திருக்கும் தெருவின் பிடியை ஒரு பள்ளி தனியாக உடைத்துவிட முடியாது. அதற்கு வீடு வேண்டும், வேலைவாய்ப்பு வேண்டும், நீதியான போலீஸ் வேண்டும். அதைத் தெரிந்துகொண்டே மறுநாள் காலையிலும் அந்தப் பள்ளி கூடியது, வருகைப் பதிவு எடுக்கப்பட்டது.

2020இல் பக்கத்து ஊரான எலிசபெத்தில் பெனடிக்டைன் கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளி மூடப்பட்டது. ஆண் பிள்ளைகளுக்கென்றே ஒன்றரை நூற்றாண்டு இருந்த வளாகம் அதன் பிறகு பெண்கள் பிரிவையும் தொடங்கியது. 1972இல் கதவடைப்பின் வலியை அறிந்தவர்கள், இன்னொரு பள்ளியின் பிள்ளைகள் தெருவில் நிற்பதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

ஆசிரியப் பெருமக்களே, இந்த அரங்கத்தில் எத்தனையோ பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தப் பள்ளிக்குக் கிடைத்த மலைப்பாதையும் நன்கொடையாளர்களும் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். பள்ளியை மாணவர் கையில் கொடுப்பதற்கு அவை தேவையும் இல்லை. வரும் கல்வியாண்டில் ஒரு வகுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூத்தவனும் இளையவனும் கலந்த சிறு குழுக்களாகப் பிரியுங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தை வாரத்தில் ஒரு நாளாவது மாணவர்களே நடத்தட்டும். அவர்கள் தடுமாறினால் ஒலிபெருக்கியைப் பிடுங்காதீர்கள். வராத பிள்ளையின் வீட்டுக்குப் போகும் முதல் தொலைபேசி அழைப்பு அவன் குழுத் தலைவனுடையதாக இருக்கட்டும், இரண்டாவது உங்களுடையதாக இருக்கட்டும். பெற்றோர்களே, அந்த ஒரு வருடம் பிள்ளை எடுக்கும் முடிவுகளில் கொஞ்சம் பொறுமை காட்டுங்கள். அடுத்த ஆண்டு இதே அவை கூடும்போது, என்ன நடந்தது என்பதை அந்தப் பிள்ளைகளே இந்த மேடையேறிச் சொல்ல ஒரு மணி நேரம் ஒதுக்கித் தர வேண்டும் என்று அவைத்தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.