பால் வார்க்கும் பெண்



வீட்டுச் சுவரில் எந்தப் படத்தை மாட்டுவது என்பது சிறிய விடயம் போலத் தோன்றும். சுவரையே இழந்தவர்களுக்கு அது சிறிய விடயமன்று. 1990 யூன் மாதத்தில் மயிலிட்டியை விட்டு வெளியேறியபோது, எங்கள் விறாந்தையில் இரவிவர்மாவின் இலக்குமி படம் தொங்கிற்று. 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம், அரண்மனை ஓவியங்களைச் சாதாரண வீடுகளுக்கும் கொண்டு சேர்த்தது. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதனை அண்டிய காணிகளும் விடுவிக்கப்பட்டபின் நாங்கள் திரும்பினோம். படமும் இல்லை, அது தொங்கிய சுவரும் இல்லை.

புதிய வீட்டின் குடிபூரலுக்கு நெதர்லாந்திலிருந்து வந்த மச்சான் ஓர் அச்சுப்படம் கொண்டுவந்தார். டெல்ப்ற் நகர ஓவியர் வெர்மீர் ஏறத்தாழ 1660இல் வரைந்த, பால் வார்க்கும் பெண்ணின் படம் அது. மூல ஓவியம் அம்ஸ்ரர்டாமின் அரச நூதனசாலையில் உள்ளது. உயரம் ஒன்றரை அடிதான். மஞ்சள் மேற்சட்டையும் நீல முன்றானைத் துணியும் அணிந்த பணிப்பெண், யன்னல் வெளிச்சத்தில் நின்று, மண்பாத்திரத்தில் பால் வார்க்கிறாள். மேசையில் பாண். அவ்வளவுதான்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்து, 1795 வரை ஆண்டு, சைவ வழிபாட்டை ஒடுக்கியவர்கள் ஒல்லாந்தர். நமது தேசவழமையை 1707இல் எழுத்தில் தொகுப்பித்தவர்களும், ‘கந்தோர்’ என்ற சொல்லைத் தந்தவர்களும் அவர்களே என்றாலும், அவர்கள் படம் நம் வீட்டில் எதற்கு என்று கேட்டேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “ஆர் பெத்த பிள்ளையோ, ஒரு சொட்டும் சிந்தாமல் வாக்கிறாள். பால் காய்ச்சிக் குடிபூருற வீட்டுக்கு இதைவிட வேறென்ன வேணும்?” என்றார்.

அந்த ஒரு சொல் என்னைத் திருத்திற்று. கோட்டை கட்டியவன் வேறு. குசினியில் நிற்பவள் வேறு. பதினேழாம் நூற்றாண்டின் ஒல்லாந்தில் கைவினைஞரும் கடைக்காரரும்கூடப் படம் வாங்கி வீட்டில் மாட்டினார்கள். அரசரையும் தேவரையும் மட்டுமன்றி, கூட்டும் பெண்ணையும் தாலாட்டும் தாயையும் வரையத்தக்கவர்களாக அவர்கள் கருதினார்கள். வெர்மீரோ செல்வராக வாழ்ந்து மறைந்தவரல்லர். 1675இல் அவர் இறந்தபின், பாண்காரருக்கிருந்த கடனுக்காக அவருடைய மனைவி இரண்டு ஓவியங்களை ஈடாகக் கொடுக்க நேர்ந்தது. பாணை அத்தனை அழகாக வரைந்தவரின் வீட்டில் பாண்கடன்!

இன்னொன்றையும் கவனித்தேன். அந்தப் பெண்ணின் பின்னாலுள்ள வெள்ளைச் சுவரில் ஓர் ஆணி தனியே நிற்கிறது. பிடுங்கிய ஆணிகளின் துவாரங்களும் தெரிகின்றன. முன்பு அங்கே ஏதோ தொங்கியிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. 2022இல் வெளிவந்த ஆய்வின்படி, அந்தச் சுவரில் சாடிகள் தொங்கும் ஒரு பலகையை வரையத் தொடங்கிய வெர்மீர், பின்னர் அதை மூடிவிட்டார். வெறுஞ்சுவரின் பெருமையை அவர் அறிந்திருந்தார். நாமும் அறிவோம், வேறொரு வழியில்.

இப்போது சுவாமி அறையில் புதிதாக வாங்கிய இலக்குமி இருக்கிறாள். குசினி வாசலில் அந்தப் பெண் பால் வார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கான ஆணியை அடித்தவன் நானேதான்.